கண்ணை மட்டும் விட்டுவிட்டு

பதின்மூன்று வந்து கோட்டில் நிற்கிறான். மாரிக்கனியின் நம்பர் முப்பத்தொன்று. இவனையும் சேர்த்து அவளுக்கு முன்னால் பதினெட்டுப் பேர், ஆளுக்கு ஒன்றரை நிமிடம், ஆக இருபத்தேழு நிமிடம். பத்தொன்பது வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருப்பவனுக்கு இந்தப் பெருக்கலெல்லாம் தும்மல் மாதிரி, கூப்பிடாமலே வந்துவிடும். இந்த இருபத்தேழு நிமிடத்துக்குள் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சிஸ்டர், எழுத்தை வரிசையாகக் கேட்காதீங்க, மாத்தி மாத்திக் கேளுங்க. அவ்வளவுதான். பள்ளிக்கூடமே அதிர்கிற மாதிரி கத்துகிற இந்தத் தொண்டையிலிருந்து இது மட்டும் வரமாட்டேன் என்கிறது. அந்தப் பெண்ணுக்கு நஸ்ரின் என்று பெயர், மதுரையிலிருந்து கண் பரிசோதனைக்கு வேனில் வந்திருக்கிறாள், இருபத்துநாலு வயதுகூட இருக்காது, முழங்கால் வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு. ஹாலின் வெள்ளையடித்த சுவரில் சார்ட்டை ஒட்டிவிட்டு, அங்கிருந்து இருபது அடியை டேப் வைத்து அளந்து, தரையில் சாக்பீஸ் கோடு போட்டாள். கோட்டில் பிள்ளை நிற்கிறது, சார்ட்டுக்குப் பக்கத்தில் அவள் நிற்கிறாள், அவளுக்கு நாலடி தள்ளி வருகைப் பதிவேட்டோடு நான் நிற்கிறேன். எழுத்தைத் தொட்டுக் காட்ட ஒரு குச்சி கிடைக்குமா சார் என்று கேட்டாள். இல்லை என்று நான் வாயைத் திறப்பதற்குள் கிளாஸ் லீடர் ஓடிப்போய் வகுப்பறை பீரோவுக்குப் பின்னாலிருந்து என் பிரம்பை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டான். இப்போது அந்தப் பிரம்பு அவள் கையில் இருக்கிறது. அதன் நுனியால் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறாள். ட. ப, ய. ர, ம, க. டக் டக்கென்று சுவரில் படுகிறது.

பதினான்கு. இவன் படிக்கிற வேகத்தைப் பார். ய ட ப ர, க ர ம ட ய, மூச்சுகூட விடவில்லை கழுதை, மெதுவாகச் சொல்லுடா, படிக்கிற மாதிரியாவது சொல்லுடா. இதுவரை நின்ற எல்லோரும் பாஸ். என் வகுப்பில் பத்தொன்பது வருடமாக யாரும் ஃபெயிலானதில்லை, கணக்கிலும் ஆகவில்லை, கண்ணிலும் ஆகவில்லை, போதுமா. போன மாதம் ஹெட்மாஸ்டர் ஞானப்பிரகாசம் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டு, மேலே இருந்து வந்த இந்தச் சார்ட்டை விரித்துக் காட்டினார். "ஓய் சுடலைமுத்து, கண் டெஸ்ட்டுக்கு வாராங்க. ஃபெயிலாகிற பிள்ளையள சனிக்கிழமை சனிக்கிழமை அந்தந்த கிளாஸ் வாத்தியார்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். பாத்துக்கிடும்." என் கிளாஸ்ல ஒருத்தரும் ஃபெயிலாக மாட்டாங்க சார் என்றேன். சொன்ன வேகத்தில் எனக்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவருக்கும் வரவில்லை. டெஸ்ட் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி ஒரே வழியில்தான் ஓடும். கேள்வித்தாள் முன்னாடியே கையில் இருக்கிறது, பிறகு என்ன? புதன்கிழமை நாலாம் பீரியடில் சார்ட்டில் இருந்ததை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்ல வைத்தேன். ஒரு தடவை அல்ல, நாற்பது தடவை. நடுவில் நிறுத்தினால் அடி, என்ன நடந்தாலும் கடைசி எழுத்து வரைக்கும் போயிரணும் என்று சொல்லியிருந்தேன். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் முதல் ஆளாக ஒப்பித்தது மாரிக்கனி. ஏழு வரியையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை, அவள் ஒரு கண் அன்றைக்கு வீங்கி மூடித்தான் இருந்தது.

பதினைந்தும் பாஸ். பதினாறும் பாஸ். செவ்வாய்க்கிழமையை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைத்தாயிற்று. எட்டுக் கணக்கு போட்டிருந்தேன் போர்டில். எட்டும் தப்பு அவளுக்கு. ஒன்றிரண்டு என்றால் காதைத் திருகிவிட்டுப் போயிருப்பேன். எட்டுக்கு எட்டு! போர்டில் ஐம்பத்தாறு இருக்கிறது, நோட்டில் ஐம்பத்தெட்டு. போர்டில் முந்நூற்றேழு, நோட்டில் முந்நூற்று ஒன்று. பார்த்து எழுதத் தெரியவில்லை, ஈயடிச்சான் காப்பிகூட அடிக்கத் தெரியவில்லை, உனக்கெல்லாம் எதுக்குட்டி படிப்பு, போயித் தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கு என்றேன். எங்கட்டி பாத்து எழுதுன, போர்டைப் பாத்து எழுதுனியா, மோட்டுவளையைப் பாத்து எழுதுனியா என்றேன். பிள்ளைகள் சிரித்தன. சிரித்தால் எனக்குக் கை இன்னும் வேகமாகப் போகும், அது என் வியாதி. முதல் அடி உள்ளங்கையில். இரண்டாவதும் உள்ளங்கையில். மூன்றாவதுக்கு அவள் கையை இழுத்துக்கொண்டாள். இழுத்தவுடன் உள்ளே ஏதோ ஒன்று அறுந்த மாதிரி இருந்தது. யாரைப் பார்த்துக் கையை இழுக்கிறாய் என்று தோளில் போட்டேன், முழங்கையில் போட்டேன், அவள் குனிந்தாள், குனிந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள். அடிக்கிறவனுக்கு அடி எங்கே விழுகிறது என்பது விழுந்த பிறகுதான் தெரியும். சத்தம் மாறிவிட்டது. சதையில் விழுந்தால் ஒரு சத்தம், எலும்பில் விழுந்தால் வேறு சத்தம். இடது புருவத்தில் ஒரு கோடு, அந்தக் கோடு கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது, பிறகு சிவப்பாகி, பிறகு ஒழுக ஆரம்பித்தது. அவள் அழவில்லை. இமையில் இறங்கின ரத்தத்தைப் புறங்கையால் தள்ளிவிட்டு, "சார், திருப்பி எழுதிட்டு வாரேன் சார்" என்றாள். எதைப் பார்த்து எழுதுவாள்?

"சார், பேர் சொல்லுங்க. பதினெட்டு யாரு?" நஸ்ரின் கேட்கிறாள். பதிவேட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடிக்கிறேன். பதினெட்டு, வே, வேல்... எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறேன், கைதான் போதவில்லை. வேல்ராஜ். "உங்களுக்கும் ஒரு தடவை செக் பண்ணிருவோமா சார்? நாற்பத்தஞ்சுக்கு மேல ஆனா கிட்டப் பாக்குறது மங்கத்தான் செய்யும், ஒண்ணும் தப்பில்ல" என்று சிரிக்கிறாள். எனக்கென்னம்மா, கழுகுக் கண்ணு என்கிறேன். கடைசி பெஞ்சில் எவன் வாயில் புளியம்பழம் ஒதுக்கியிருக்கிறான் என்று இங்கிருந்தே சொல்லுவேன். உண்மைதான், தூரத்தில் இருப்பதெல்லாம் தெரியும். கிட்டத்தில்தான். வீட்டில் வள்ளியம்மை இரண்டு வருடமாகச் சொல்கிறாள், செய்தித்தாளை வாசலுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறதுக்குப் பதிலா ஒரு கண்ணாடி வாங்கினா என்ன, கௌரவம் குறைஞ்சிருமா என்று. குறைந்துவிடும்தான். பிள்ளைகள் சோடாபுட்டி என்று பெயர் வைக்கும். எனக்கு ஒரு பேர் இருக்கிறது, அது பிரம்பு, அதுவே போதும். இந்தப் பெண் ஏன் சிரிக்கிறாள். சிரிக்காதே அம்மா, வேலையைப் பார். அந்தக் குச்சியைக் கீழே போடு முதலில். அதைப் பிடுங்கி இரண்டாக ஒடித்து, நாலாக ஒடித்து, ஜன்னல் வழியாக எறியலாம் போல் இருக்கிறது. யார் மேல் கோபம் என்றுகூடத் தெரியாமல் கோபம் வருகிறது. ஞானப்பிரகாசத்தைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும். இந்தப் பதினெட்டைப் பளாரென்று அறைய வேண்டும், எதற்கு இப்படிப் பாட்டாகப் பாடுகிறான். பிரம்பின் நுனியைப் பார்க்கிறேன். துடைத்துத்தான் வைத்தேன். இருந்தாலும் கணுவில் ஒரு கறுப்பு இருக்கிறதோ? கிட்டப் போய்ப் பார்த்தாலும் எனக்குத் தெரியப் போவதில்லை.

பத்தொன்பது, இருபது, ஆம்பிளைப் பிள்ளைகள் முடிந்தார்கள், இருபத்தொன்றிலிருந்து பெண் பிள்ளைகள். நோட்டை நான் திறக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு மாரிக்கனியின் நோட்டு மேசையில் கிடந்தது. அட்டையில் இரண்டு சொட்டு. எத்தனை தப்பு என்று கடைசியாக ஒரு தடவை பார்த்து, அடித்தது நியாயம்தான் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் திறந்தேன். ஐம்பத்தெட்டை ஏழால் பெருக்கியிருந்தாள். நானூற்று ஆறு. போர்டில் இருந்தது ஐம்பத்தாறு, ஆக முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, தப்பு. ஆனால் ஐம்பத்தெட்டு பெருக்கல் ஏழு நானூற்று ஆறுதானே. அடுத்ததைப் பார்த்தேன். முந்நூற்று ஒன்றிலிருந்து நூற்று நாற்பத்தெட்டைக் கழித்திருந்தாள், நூற்றைம்பத்து மூன்று, சரி. மூன்றாவது சரி. நாலாவது சரி. எட்டும் சரி. நான் கொடுக்காத எட்டுக் கணக்கை அவள் சரியாகப் போட்டிருந்தாள். ஆறு எட்டாகியிருந்தது, ஏழு ஒன்றாகியிருந்தது, மூன்று ஒரு இடத்தில் எட்டாகியிருந்தது. தூரத்தில் இருந்து மங்கலாகப் பார்த்தால் எது எதுவாகத் தெரியுமோ அது அதுவாக ஆகியிருந்தது. அப்புறம்தான் ஜெபராணி ஞாபகம் வந்தது. மாரிக்கனிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், எப்போது பார்த்தாலும் அவள் காதில் குசுகுசுவென்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள், அதற்காக அவளையும் எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஜெபராணி லீவு. ஆறு மாதமாகப் போர்டில் இருப்பதை ஒருத்தி வாயால் சொல்ல, இன்னொருத்தி காதால் கேட்டு எழுதியிருக்கிறாள். பேசாதே பேசாதே என்று நான் இரண்டு பேரையும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நோட்டை மூடினேன். மூடிவிட்டு என்ன செய்தேன்? சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் வந்து அவளுக்குச் சார்ட்டை மனப்பாடம் பண்ணக் கற்றுக்கொடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், என்னிடம் சொல்ல முடியாது.

இருபத்துமூன்று தடுமாறுகிறாள், 'ர'வா 'ம'வா என்று, நஸ்ரின் புருவத்தைச் சுருக்குகிறாள், என் கை தன்னாலே பின்னால் போய்ப் பிரம்பைத் தேடுகிறது, பிரம்பு அங்கே இல்லை. சொல்லிவிட்டாள், பாஸ். பயம் என்று ஒன்று இருக்கிறதே, அது திருடனைவிடக் கெட்டிக்காரத்தனமாக வழி கண்டுபிடிக்கும். மாரிக்கனி ஃபெயிலானால் பெரிய டாக்டரிடம் போவாள். புருவத்தில் என்ன காயம் என்று அவர் கேட்பார். எப்போதிருந்து கண் தெரியவில்லை என்று கேட்பார். கிட்டப்பார்வை அடிபட்டு வருகிற நோய் இல்லை, எனக்குத் தெரியும், டாக்டருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியுமா? வாத்தியான் அடிச்சதுல பிள்ளைக்குக் கண்ணு போச்சு. இந்த ஒரு வரி போதும். டீக்கடையில் சொல்வார்கள், பஸ்ஸில் சொல்வார்கள், பள்ளிக்கூட வாசலில் நாற்பது பேர் வந்து நிற்பார்கள், முதலில் சைக்கிளை உடைப்பார்கள், அப்புறம் என்னை. என் மூக்கில் விழும் முதல் குத்து எனக்கு இப்போதே வலிக்கிறது. பல் உடைந்து நாக்கில் உப்புக் கரிக்கிறது. மேல் சட்டை கிழிந்து, முகத்தில் சாணி ஒழுக, வள்ளியம்மை பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போகிறார்கள். இழுக்கட்டும். இல்லை, வேண்டாம். பாஸாகிவிட்டால் ஒன்றும் இல்லை. கண் நல்ல கண், காயம் சின்னக் காயம், ஆறிவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், சோறு நிறைய இருந்தால் மறைக்கலாம். அவளை முதல் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவேன். கொஞ்ச நாள் கழித்து நானே கூட்டிக்கொண்டுபோய் ஒரு கண்ணாடி... எத்தனை நாள் கழித்து? அதுவரை அவள் தெருவை எப்படிக் கடப்பாள்? மெயின்ரோட்டில் மணல் லாரி போகிறதே. லாரி அவளுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும், எவ்வளவு கிட்ட வந்த பிறகு தெரியும்?

அவள் அம்மா பேச்சியம்மாள். ஜூன் மாதம் சேர்க்க வந்தபோது தீப்பெட்டி ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள். "சார், கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார். ஒரு வார்த்த கேக்க மாட்டோம். படிச்சாப் போதும்." எல்லாரும் சொல்வதுதான். பத்தொன்பது வருடத்தில் ஆயிரம் அப்பன் ஆத்தா இதை என்னிடம் சொல்லியிருப்பார்கள். என்னைச் சேர்க்கும்போது என் அப்பாவும் இதையேதான் சொன்னார். எங்கள் வாத்தியார் கண்ணை விட்டுவிட்டு மற்றதெல்லாம் உரித்தார், நான் வாத்தியாரானேன். அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று நானும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். கண்ணை மட்டும் விடு என்பது ஒரு பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வணக்கம் சொல்வது மாதிரி, போயிட்டு வாரேன் சொல்வது மாதிரி. புதன்கிழமை காலையில் பேச்சியம்மாள் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு சத்தம் போட்டேன், உன் மக படிக்கிற லட்சணத்துக்கு என்று ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கந்தக வாடை அடித்தது. விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்து ஒட்டிக் கருத்திருந்தது. நான் முடித்த பிறகு, "அடிச்சதுக்கு ஒண்ணும் சொல்லலை சார். கண்ண விட்டுருங்கன்னு சொல்லித்தான சார் விட்டுட்டுப் போனேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். திருப்பி ஒரு அடி விழுந்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். அவள் போய்விட்டாள், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.

இருபத்தேழு. ஜெபராணி. கடகடவென்று ஒப்பிக்கிறாள், ஒப்பிக்க வேண்டியதே இல்லை, அவளுக்கு நல்ல கண், ஊருக்கே பார்த்துச் சொல்கிற கண். முடித்துவிட்டுப் போகிறவள் வரிசையைத் திரும்பிப் பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். பதினொரு வயதுப் பிள்ளை பார்க்கிற பார்வையா இது. தெரிந்துதான் பார்க்கிறாள். போடி அங்கிட்டு என்று அதட்டுகிறேன். போகமாட்டேன் என்கிறாள், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இருபத்தெட்டு. மாரிக்கனி எங்கே நிற்கிறாள் என்று பார்க்கிறேன். எண்ணெய் வைத்து இறுக்கின இரட்டைச் சடை, புருவத்தில் கருஞ்சிவப்பாகப் பொருக்கு, கீழ் இமை இன்னும் மஞ்சளும் நீலமுமாக. உதடு அசைந்துகொண்டே இருக்கிறது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். போன மாதம் தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாவுக்கு வாசலில் நின்று "வணக்கம் சார்" என்று சொன்னாள் இவள். எல்லோரும் சிரித்தார்கள், நர்ஸம்மாவும் சிரித்தார். நக்கலாட்டி உனக்கு என்று மண்டையில் குட்டினேன். நர்ஸம்மாவும் வெள்ளை, என் சட்டையும் வெள்ளை. பத்தொன்பது வருடமாக வெள்ளைச் சட்டைதான் போட்டேன், புதன்கிழமையிலிருந்து போடவில்லை. செவ்வாய்க்கிழமைச் சட்டையில் பாக்கெட்டுக்குக் கீழே ஒரு பொட்டு. என்னங்க இது என்று வள்ளியம்மை கேட்டாள், சிவப்பு மை என்றேன். மை எலுமிச்சம்பழத்துக்குப் போகும், இது போகவில்லை, துவைத்துத் துவைத்துப் பழுப்பாகிவிட்டது. இப்போது பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் நிற்கிறேன், எவனோ ஒருத்தன் மாதிரி.

இருபத்தொன்பது. சொல்லிவிடு. முப்பது. இப்போதாவது சொல். சிஸ்டர், மாத்திக் கேளுங்க. மூன்றே வார்த்தை. சொன்னால் மாரிக்கனி மட்டும் இல்லை, பாஸான முப்பது பேரையும் திரும்பக் கேட்பாள். அதில் எத்தனை மாரிக்கனி இருக்கிறதோ. "உங்க கிளாஸ்ல மட்டும் எல்லாருக்கும் கண்ணு நல்லாருக்கே சார். பக்கத்து செக்ஷன்ல ஏழு பேர் மாட்டுனாங்க" என்கிறாள் நஸ்ரின். பாராட்டுகிறாளா, ஆழம் பார்க்கிறாளா? நான் சிரித்துவைக்கிறேன். சிரித்த வாயை நானே கிழிக்க வேண்டும் போல இருக்கிறது. "முப்பத்தொண்ணு, மாரிக்கனி" என்று அவளே என் கையிலிருக்கும் பதிவேட்டை எட்டிப் பார்த்துக் கூப்பிடுகிறாள்.

வந்து நிற்கிறாள். கோடு அவளுக்குத் தெரியவில்லை, காலால் தரையைத் தடவுகிறாள், முன்னால் நின்றவள் எங்கே நின்றாள் என்று அந்தச் சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி. "இடது கண்ண மறைச்சுக்கோ பாப்பா. புருவத்துல என்னது?" நஸ்ரினின் குரல் ஹாலில் எதிரொலிக்கிறது. "பைப்புல இடிச்சிக்கிட்டேன்" என்கிறாள். யாரும் அவளுக்கு இதைச் சொல்லித்தரவில்லை. நான் சொல்லித்தராமல் அவள் மனப்பாடம் பண்ணிக்கொண்டது இது ஒன்றுதான். கறுப்பு மட்டையை எடுத்து இடது கண்ணில் வைக்கிறாள், பொருக்கில் படுகிறது, தோள் ஒரு தடவை சுருங்குகிறது, மட்டையை எடுக்கவில்லை. பிரம்பு முதல் எழுத்தைத் தட்டுகிறது. "ட" என்கிறாள். குரல் கணீரென்று இருக்கிறது. "ப, ய." கழுத்தை நீட்டிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணைச் சுருக்கவில்லை. தெரியாத எழுத்தைத் தெரிந்துகொள்ள முயற்சி பண்ணுகிற முகமே இல்லை. "ர, ம, க." பிரம்பு மூன்றாவது வரியில் இருக்கிறது, அவள் நாலாவதுக்குப் போகிறாள். சரியாகச் சொல்கிறாள், எட்டுக் கணக்கையும் சரியாகப் போட்ட மாதிரி. இன்னும் மூன்று வரி, இவள் பாஸ், நான் பிழைத்தேன். நான் பிழைத்தேன் என்று நினைத்த அந்த நொடியில்தான் செவ்வாய்க்கிழமை வந்த அதே கோபம், உள்ளே அதே இடத்தில் அறுந்தது. இந்தத் தடவை அது அவள் பக்கம் போகவில்லை. நாலடி. எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. நஸ்ரினைத் தோளால் தள்ளிக்கொண்டு போய்ச் சார்ட்டின் மேல் விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். டர்ரென்று குறுக்கே கிழிந்து சுண்ணாம்போடு கையில் வந்தது. மிச்சத்தையும் நகத்தால் பிறாண்டி எடுத்தேன், விரலில் ரத்தம் வந்தது. அவள் குரல் மட்டும் நிற்கவே இல்லை.

"க, ர, ம, ட, ய" என்றாள், வெறும் சுவரைப் பார்த்து. "ம, ப, க, ய, ட." ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. கிழிந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும், உடம்பு தூக்கிப்போட்டது, ஆனால் நடுவில் நிறுத்தினால் அடி என்று நான்தானே சொன்னேன். "ட, ய, ர, க, ம, ப." கடைசி எழுத்து வரைக்கும் போய் நிறுத்தினாள். யாரும் பாஸ் என்று சொல்லவில்லை. நஸ்ரின் சுவரைப் பார்த்தாள், அந்தப் பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என் கையில் தொங்கிய காகிதத்தைப் பார்த்தாள். "எல்லாம் மனப்பாடம்" என்றேன். "நாந்தான் பண்ண வச்சேன்." குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை, காற்றுத்தான் வந்தது போலிருந்தது. மாரிக்கனி மட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தாள். அமைதியாக இருந்தால் தப்பு என்று அர்த்தம், என் வகுப்பில் அப்படித்தான். "தப்பாயிட்டா சார்?" என்றாள். "திருப்பிச் சொல்லுதேன் சார்." சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி நடந்து வந்தாள். என்னிடம் வரவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டு, பிரம்பு பிடித்துக்கொண்டு நின்ற நஸ்ரினுக்கு முன்னால் ஐந்தாறு அடியில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, கண்ணை இறுக மூடி, வலது உள்ளங்கையை நீட்டினாள். நஸ்ரின் அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் செவ்வாய்க்கிழமைக் கோடுகள் இன்னும் ஊதாவாக இருந்தன. தன் கையில் இருந்த குச்சியைப் பார்த்தாள், சுடுகிற பாத்திரம் மாதிரி அதைக் கீழே போட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழ என்ன யோக்கியதை இருக்கிறது, விழுங்கினேன். "மாரிக்கனி, நான் இங்கன நிக்கேன் தாயி" என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பி, நீட்டிய கையை மடக்காமல் அப்படியே என் பக்கம் கொண்டுவந்தாள்.